கதிரரிவாளும் அறுவடைப் பொறியும்

உழவைத் தலைத்தொழிலாகக் கொண்ட முன்னோர் வழிவந்த நாம் கோயில் வரலாறு எழுதியிருக்கின்றோம். குலக் கொடிவழி எழுதியிருக்கின்றோம். ஏரி வெட்டினார், சத்திரம் கட்டினார் பெயர்களைக் கல்லிலும் தாளிலும் பொறித்திருக்கின்றோம். ஆயின் விளைந்த கதிரை அறுத்து, அடித்து, தூற்றி வீடு சேர்த்த வேலையின் வரலாற்றை எழுதி வைத்தோமில்லை. ஆண்டுதோறும் தவறாது நிகழ்ந்த வேலையாதலின் அதனை எழுதி வைத்தல் வேண்டும் என்னும் எண்ணமே எவர்க்கும் எழவில்லை போலும். இன்றோ நம் பாலாற்றங்கரை ஊர்களில், இருபது வயதுப் பிள்ளைகளுள் அரிவாள் பிடித்து ஓர் அரி அறுத்தவர் அரியராயினர். கண்டு செய்தவர் உயிரோடிருக்கும்பொழுதே ஒன்றை எழுதி வைப்பது அறிவுடைமை. ஆதலின், கதிரறுக்கும் பொறிகள் உலகில் எங்ஙனம் தோன்றின, நம் கழனிகளுக்கு ஏன் இத்துணைக் காலந் தாழ்த்து வந்தன, வந்தபின் எவர் பெற்றார், எவர் இழந்தார் என்பவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம்.

பழைய களம்

பொறியின் பயனை அறிதற்கு முன் பழைய முறையைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். நெல் முற்றித் தலைசாய்ந்ததும் வயலின் நீரை வடித்துக் காயவிடுவர். கருக்கரிவாள் கொண்டு ஆடவரும் பெண்டிரும் வரிசையாய் நின்று அறுத்து, அரி அரியாய்ப் பரப்பி, உலர்ந்தபின் கட்டுக்கட்டித் தலைச்சுமையாய்க் களத்துமேட்டிற் சேர்ப்பர். அங்கே கட்டை அடித்து உதிர்ப்பது தலையடி. தாளில் எஞ்சிய நெல்லைப் பிணையல் மாடுகளைச் சுற்றி ஓட்டி மிதிப்பித்து உதிர்ப்பர். பின்னர்க் காற்று வரும் திசை நோக்கி நின்று முறத்தாற் தூற்றிப் பதரும் கருக்காயும் போக்கிப் பொலியாகக் குவிப்பர். குவித்த பொலியின்மேற் சாணிப்பாலாற் குறியிடுவர். அளக்குங்கால் 'ஒன்று' என்னாது 'லாபம்' என்று தொடங்கி எண்ணுவர். ஓர் ஏக்கர் நெல்லை ஒரு நாளில் அறுத்துக் கட்டுதற்கே பத்துப் பேருக்குக் குறையாது வேண்டும். அடித்தல், தூற்றல், அளத்தல் ஆகியவற்றுக்கு வேண்டிய ஆட்கள் அதனின் வேறு.

இவ்வேலையின் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அளக்கப்பட்ட இடமும் களமே. அறுத்தார்க்கு மட்டுமன்று; ஏர் செய்த தச்சர்க்கும், கொழு அடித்த கொல்லர்க்கும், வெளுத்தார்க்கும், மழித்தார்க்கும், ஏரி மதகு காத்தார்க்கும் ஆங்கே பங்குண்டு. இதனை மேரை என்றும் சுதந்திரம் என்றும் வழங்கினர். 1767 முதல் 1774 வரையில் தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலேய அலுவலர் செங்கற்பட்டுச் சீமையின் ஊர்களை அளந்து கணக்கெடுத்தபோது, பொலி அளக்குமுன் எவர் எவர்க்கு எவ்வளவு, அளந்தபின் எவர் எவர்க்கு எவ்வளவு என்பன ஊர்தோறும் எழுதப்பட்டன. அவ்வேடுகளைக் காண்பார்க்குக் களம் என்பது நெல்லடிக்கும் இடம் மட்டுமன்று, ஊரின் பொருளாட்சி முழுதும் ஆண்டுக்கொருமுறை கணக்குத் தீரும் இடமும் அதுவே என்பது விளங்கும்.

நம் வடவார்க்காட்டுச் சீமையில் தோல் வினைஞர்க்கும் இக்களத்தோடு தொடர்புண்டு. ஆற்றுப்பாய்ச்சல் குறைந்து கிணற்றுப்பாய்ச்சல் மிகுந்த நாடு இது. கவலை இறைக்கும் சாலின் வாலும் பறியும் தோலாலாயவை. அதனைத் தைத்தும் ஒக்கிட்டும் கொடுத்தவர் இல்லையேல் நீர் மேலேறாது. நீர் ஏறாவிடிற் கதிர் இல்லை. ஆதலின் அவர் கையும் களத்தில் நீண்டது. மின்சார நீரிறைப்புப் பொறி வந்து கவலையை ஒழித்தபோது அந்தப் பங்கு ஓசையின்றி மறைந்தது. அறுவடைப் பொறி வருதற்கு நெடுங்காலம் முன்னரே களப்பங்கில் விழுந்த முதற் குறை அதுவெனலாம்.

தமிழில் 'களம்' என்னும் சொல் நெற்களத்தையும் போர்க்களத்தையும் குறிக்கும். 'போர்' என்னுஞ் சொல்லும் வைக்கோற்குவையையும் சண்டையையும் ஒருங்கே உணர்த்தும். உழவர் களத்தையும் மறவர் களத்தையும் ஒப்பவைத்துப் பாடும் மரபும் பழைமையானது. புலவர்கள் உவமை நயங் கருதியே அங்ஙனம் பாடினர். எனினும், நெற்களமே போர்க்களமான செய்திகளும் வரலாற்றில் உள. அவற்றை இனிக் காண்போம்.

மேனாட்டார் கண்ட பொறிகள்

கதிரடிக்கும் பொறியே மேனாட்டில் முதலில் வந்தது. ஸ்காட்லாந்து தேயத்து ஆண்ட்ரூ மெய்க்கிள் என்பார் 1786-ஆம் ஆண்டில் உருளை சுழன்று கதிரை உதிர்க்கும் பொறி ஒன்றைச் செய்தார். அக்காலத்து ஆங்கிலக் கூலியாட்கள் மாரிக்காலம் முழுதும் கொட்டிலுள் நின்று தடியால் கோதுமை அடித்தே வயிறு வளர்த்தனர். 1815-இல் நெப்போலியனோடு நடந்த போர் ஓய்ந்து படைவீரர் ஊர் திரும்பக் கூலி வீழ்ந்தது. அந்நிலையில் மாரிக்கால வேலையையும் பொறி கவர்ந்துகொள்ளவே, 1830-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கெண்ட் மாநிலத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்து பொறிகளை உடைத்தனர். 'காப்டன் ஸ்விங்' என்னும் கற்பனைப் பெயரால் எச்சரிக்கை ஓலைகள் பண்ணையார்க்குச் சென்றன. கலகம் தென்னிங்கிலாந்து முழுதும் பரவிற்று. அரசினர் 19 பேரைத் தூக்கிலிட்டனர். ஏறக்குறைய 500 பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினர். கலகக்காரர் தோற்றனரேனும் அப்பகுதிகளில் அப்பொறி பரவுதல் பல்லாண்டு தடைப்பட்டது.

இதற்கும் முன்னர், பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், நம்மைப் போலவே நெல்லுண்ணும் சப்பானியர் ஓர் எளிய கருவியைக் கண்டனர். சீப்பின் பற்கள்போல் வரிசையாய் நாட்டிய கூரிய பற்களிடையே கதிர்ப்பிடியைச் செலுத்தி இழுத்தால் நெல் உதிரும். அவ்வளவே அதன் அமைப்பு. அந்நாட்டில் கணவனை இழந்த பெண்டிர் பிறர் நெல்லை உதிர்த்துக் கொடுத்துக் கூலி பெற்று வந்தனர். அக்கூலி போயிற்று. ஆதலின் அக்கருவிக்குக் 'கைம்பெண்களை வீழ்த்துவது' என்று பொருள்படும் பெயரை ஊரார் இட்டு வழங்கினர். நீராவியும் நெருப்பும் இல்லாத ஒரு மரச்சீப்பே இது செய்ததென்றால், கருவியின் பெருமை சிறுமையன்று, எவர் கைவேலையை அது கொள்ளுகின்றது என்பதே கருதற்பாலது.

கதிரறுக்கும் பொறி அடிக்கும் பொறிக்குப் பின் தோன்றியது. ஸ்காட்லாந்தில் பாட்ரிக் பெல் என்னும் சமயக் கல்வி மாணவர் 1828-இல் ஒன்றை இயக்கிக் காட்டினார்; உழவர் எல்லார்க்கும் பயன்படுக என்று கருதி அதற்கு உரிமைப் பதிவு செய்யாது விட்டனர். அமெரிக்காவில் ஓபெட் ஹஸ்ஸி 1833-இலும், சைரஸ் மெக்கார்மிக் 1834-இலும் உரிமை பெற்றனர். மெக்கார்மிக் தம் பொறியை 1831-இல் வர்ஜீனியா நாட்டில் முதன்முதல் ஓட்டிப் பார்த்தார். அவருக்குத் துணைநின்று உழைத்தவர் ஜோ ஆண்டர்சன் என்னும் அடிமை. உரிமைச் சீட்டில் அவ்வடிமையின் பெயர் இல்லை. குதிரை இழுக்கப் பற்களுடைய கத்தி இடவலமாய் விரைந்தாடித் தாளை அறுக்கும். சுழலும் சட்டம் கதிரைக் கத்திபால் வளைத்துக் கொடுக்கும். அறுந்தவை பலகைமேல் விழும். அரிவாளால் ஒருவர் நாளொன்றுக்கு அரை ஏக்கர் அறுப்பதரிது. இப்பொறி பத்து ஏக்கருக்கு மேல் அறுத்தது.

அமெரிக்கர் இதனை உடைத்தாரில்லை, வரவேற்றனர். நிலம் மிகுதி, ஆள் குறைவு என்பதே காரணம். 1847-இல் சிகாகோ நகரில் மெக்கார்மிக் தொழிற்சாலை நிறுவினார். 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் மூண்டு ஆடவர் படைக்குப் போயினராக, வயலில் பொறியே அவரிடத்தை நிரப்பிற்று. பின்னர்க் கதிரைக் கட்டும் பொறியும் வந்தது. முதலிற் கம்பியாற் கட்டிற்று. கம்பித்துண்டு வைக்கோலிற் கலந்து மாட்டின் வயிற்றிற் சென்றமையால் உழவர் அதனை வெறுத்தனர். 1878 அளவில் ஜான் ஆப்பிள்பி கயிற்றால் முடிச்சிடும் கருவியைச் செய்து அக்குறை தீர்த்தார். அறுத்தல், அடித்தல், தூற்றல் மூன்றையும் ஒருங்கே செய்யும் பொறிக்கு மிச்சிகன் நாட்டு ஹைரம் மூர் என்பார் 1836-லேயே உரிமை பெற்றிருந்தார். எனினும் காற்று வறண்ட கலிபோர்னியாவிலேதான் அது செழித்தது. அங்கே ஒரு பொறியை இழுக்க இருபது முப்பது குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பூட்டினர்.

ஆஸ்திரேலியாவிலும் ஆள் தட்டுப்பாடே பொறியை ஈன்றது. 1843-இல் ஜான் ரிட்லி என்பார் கதிரை மட்டும் கொய்து உதிர்க்கும் பொறியைச் செய்தார். பின்னர் எச். வி. மக்கே என்பாரின் 'சன்ஷைன்' அறுவடைப் பொறி அந்நாடு முழுதும் பெயர் பெற்றது. அவர் தொழிற்சாலை பற்றி 1907-இல் நடந்த வழக்கில் நீதிபதி ஹிக்கின்ஸ் ஓர் அரிய தீர்ப்பு அளித்தார். மனைவி மக்களோடு ஒருவன் நாகரிகமாய் வாழ்தற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே நியாயமான கூலி என்றும், நாளொன்றுக்கு ஏழு ஷில்லிங்குக்குக் குறையலாகாதென்றும் அவர் வரையறுத்தார். அத்தீர்ப்புக்கு அடிப்படையாயிருந்த சட்டம் மறு ஆண்டே செல்லாதெனப்பட்டது. ஆயினும் அவர் வகுத்த அளவுகோல் அந்நாட்டில் நிலைத்தது. கதிரறுக்கும் பொறி செய்வோர் கூலியே ஒரு நாட்டின் கூலிக்கு அளவாய் நின்றது வியக்கத்தக்கது.

இவற்றால் ஓர் உண்மை போதரும். ஆள் மிக்கு வேலை குறைந்த இடத்தே பொறி வந்தால் பூசல் விளைந்தது. ஆள் குறைந்து வேலை மிக்க இடத்தே வந்தால் விருந்தாய் வரவேற்கப்பட்டது. இவ்வுண்மையைக் கைக்கொண்டு நம் நாட்டிற்குத் திரும்புவோம்.

சைதாப்பேட்டைப் பண்ணையும் சேற்று வயலும்

மேனாட்டுப் பொறிகளைத் தமிழகம் அறியாதிருக்கவில்லை. 1861 முதல் 1866 வரை சென்னை ஆளுநராயிருந்த சர் வில்லியம் டெனிசன் நீராவிக் கலப்பை, கதிரடிக்கும் பொறி, தூற்றும் பொறி முதலியவற்றை இங்கிலாந்திலிருந்து வருவித்தார். அவற்றை ஆராய்ந்து காட்டுதற்கென 1865-இல் சைதாப்பேட்டையில் அரசினர் சோதனைப் பண்ணை தோன்றியது. வில்லியம் ராபர்ட்சன் என்பார் அதனை நெடுங்காலம் நடத்தினார். அதனைச் சார்ந்து எழுந்த விவசாயப் பள்ளியே 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்து இன்றைய வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று. கல்வி வளர்ந்ததேயன்றிப் பொறிகள் ஊர்ப்புறத்துக்குச் செல்லவில்லை.

அதற்குக் காரணம் நம் உழவரின் மடமை என்று அக்காலத்தார் சிலர் கூறினர். அஃது பொருந்தாது. அப்பொறிகள் காய்ந்த நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் கோதுமைக்கு வகுக்கப்பட்டவை. நம் நெல்லோ சேற்றில் விளைவது. பொறியின் பாரந் தாங்காது சக்கரம் புதையும். பழைய சம்பா நெற்கள் நெடிய தாளுடையன. மழையும் காற்றும் சேர்ந்தாற் சாய்ந்து படுப்பன. சாய்ந்த கதிரை வளைத்தெடுத்து அறுக்கக் கையே வல்லது. நம் வயல்கள் வரப்பால் துண்டுபட்டவை. மேலும் வைக்கோல் நமக்குக் கழிவன்று. மாட்டின் உணவும் கூரையின் வேய்வும் அதுவே. தாளைச் சிதைக்கும் பொறி நெல்லைக் கொடுத்து மாட்டைப் பட்டினியிடும். எல்லாவற்றிற்கும் மேலாக அறுக்கும் ஆள் மலிந்திருந்த காலம் அது. ஆதலின், பொறியை வேண்டாவென்ற உழவர் தம் கணக்கறிந்தே வேண்டாவென்றனர் என்க.

நிற்க. ஆள் மலிந்த அந்நாட்டில் களத்துக் கூலி எத்துணைக் கொடிய பூசலுக்கு இடமாயிற்று என்பதைத் தஞ்சை வரலாறு காட்டும். ஆண்டு முழுதுக்குமான உணவைக் கூலியாட்கள் அறுவடைக் காலத்தே ஈட்டியாக வேண்டும். ஆதலாற் படி நெல் ஏற்றமும் குறைவும் அவர்க்கு உயிர்ப்பிரச்சினை. 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் பகை தீரவில்லை. கூலிநெல் உயர்த்தல், வெளியூர் ஆள் கொணர்தல் ஆகியவை பற்றி முற்றிய பூசலில், 1968-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசையினுள் 44 பேர் எரியுண்டு மாண்டனர். மாண்டவருட் பெரும்பாலார் தாழ்த்தப்பட்டோர் குலத்துப் பெண்டிரும் குழந்தைகளுமே. மறு ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. களத்தின் பங்கு பற்றி எழுதுவோர் எவரும் இந்நிகழ்ச்சியை ஒளித்தல் தகாது. உழுவிக்கும் குலத்தார் ஒருபோதும் மறத்தலும் தகாது.

கழனி ஏற்ற பொறி

சேற்று நெல்லுக்குப் பொறி பொருந்தாமைக்குச் சொன்ன தடைகள் ஒவ்வொன்றாய் நீங்கலாயின. 1965-இல் ஆடுதுறை 27-ஆம் எண் நெல்லும், 1966-இல் பிலிப்பைன்சு நாட்டு ஆராய்ச்சி நிலையத்து ஐ.ஆர். 8 நெல்லும் வந்தன. பிந்தியது குட்டைத் தாளுடையது, எளிதிற் சாயாதது. அதன் வழியே குட்டை நெற்கள் பெருகின. சப்பானியர் சிறு வயலுக்கேற்ற சிறு பொறிகளைச் செய்தனர். சக்கரத்துக்கு மாறாகப் பட்டை பூட்டிய பொறிகள் ஈரவயலிற் புதையாது நகர்ந்தன. இவற்றை நம் ஊரார் 'பெல்ட் வண்டி' என்றும், காய்ந்த நிலத்துக்குரியதை 'டயர் வண்டி' என்றும் கூறுவர். பஞ்சாபில் 1970-களிலேயே பரவிய இத்தகைய பொறிகள், 1990-களுக்குப் பின் காவிரிக் கழனிகளிலும் பிற தமிழ் மாவட்டங்களிலும் பெருகின.

பொறியின் செயலைக் கூர்ந்து நோக்கின் பழைய களம் முழுதும் அதனுள் அடங்கியிருத்தல் காணலாம். முன்னே சுழலும் சட்டம் கதிரை அணைக்கும் கை. ஆடும் கத்தி அரிவாள். உள்ளே சுழலும் உருளை தலையடியும் பிணையலும். சல்லடையும் விசிறியும் முறமும் காற்றும். மேலேயுள்ள தொட்டி பொலி. பத்துப் பேர் அறுத்து, வேறு பலர் அடித்துத் தூற்றிய ஏக்கர் நெல் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மூட்டையாகின்றது. மழை கறுத்து வரும் மாலையில் இதன் அருமையை உழவர் அறிவர். நெல் முளைத்துப் போகாது காத்த நன்றியை மறுத்தல் நேர்மையாகாது. குனிந்து குனிந்து இடுப்பொடிந்த பெண்டிரின் நோவையும் இப்பொறி நீக்கியதென்பது மெய்யே.

எனினும் அப்பொறியினுள் அடங்காத ஒன்றுண்டு. அஃது அளவுகாரரைச் சுற்றி நின்ற மக்கட்கூட்டம். மணிக்கு இவ்வளவு என்று வாடகை பணமாகப் பொறியுடையார்க்குச் செல்கின்றது. மூட்டை வண்டியேறுகின்றது. தச்சர் இல்லை, கொல்லர் இல்லை, கதிர் பொறுக்கும் கிழவியும் இல்லை.

பாலாற்றங்கரையில் நிகழ்ந்தது

மேலே கூறிய இரு வகையுள் நம் வேலூர், ஆம்பூர்ப் பகுதி எவ்வகையைச் சார்ந்தது? இங்கே பொறி வந்து ஆளை வெளியேற்றவில்லை; ஆள் முன்னரே கழனியை விட்டகன்றனர், பொறி பின்னர் வந்தது. இராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் தோல் பதனிடும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கடல்கடந்த வாணிகமாய் வளர்ந்தது. 1972-இல் சீதாராமையா குழுவினர் கூறியபடி, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசினர் மறு ஆண்டே வரம்பிட்டனர். அதன்பின் முழுதும் பதனிட்ட தோலும் செருப்பும் செய்யும் சாலைகள் பெருகின. அச்சாலைகளிற் தைப்போரும் ஒட்டுவோரும் பெரும்பாலும் பெண்டிர். விடியற்காலையில் ஊர்தோறும் வந்து நிற்கும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறுபவர் எவர்? அரிவாள் எடுத்துச் சென்ற பெண்டிரின் மக்களும் பேத்தியருமே. மாதந்தோறும் பணம், வைப்புநிதி, நிழலில் வேலை. அறுவடைக்கு எவர் வருவர்? அண்டையிலுள்ள திருவண்ணாமலை மாவட்டத்தில் 2006-இல் தொடங்கிப் பின்னர் இங்கும் பரவிய நூறு நாள் வேலைத்திட்டமும் கூலியை உயர்த்திற்று.

மற்றொரு காரணமும் உண்டு; அது துயரமானது. தோற்சாலைக் கழிவுநீர் பாலாற்று மணலிலும் கிணறுகளிலும் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தமிழகத்துத் தோற்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாது கெட்டதென்பது அவ்வழக்கிற் கூறப்பட்டது. ஒருபுறம் அறுக்கும் கையை அழைத்துக்கொண்ட தொழிலே மறுபுறம் அறுக்க வேண்டிய கதிரையும் குறைத்தது. ஆதலின் நம் பகுதியில் அரிவாள் மறைந்ததற்குப் பொறி ஒன்றையே காரணமாக்குதல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

இதனாலேதான் 1830-இல் இங்கிலாந்தில் எழுந்த கூக்குரல் இங்கே எழவில்லை. ஆள் கிடையாமற் தவித்த உழவர் பொறியை வரவேற்றனர். சாலைக்குச் சென்றோர் அதனை எண்ணவில்லை. ஆயின் இரண்டிடத்தும் சேராதவர் சிலர் உளர். சாலை வேலைக்கு வயது கடந்த கிழவியர், ஊரைவிட்டு நகரவியலாதோர், நிலமில்லாது ஒரு பசுவை வைத்துக் காப்போர். இவர்க்குக் கதிர் பொறுக்கிய நெல்லும், களத்தின் இரண்டு படியும், ஒரு சுமை வைக்கோலும் ஆண்டில் ஒரு பெருவரவு. பொறி வந்த வயலில் தாள் நசுங்கிச் சிதறுகின்றது. அதனைத் திரட்டிக் கட்டவும் இப்போது ஒரு பொறி வந்துள்ளது. கட்டு விலைக்குப் போகின்றது. கூக்குரலிடும் வலியில்லாதவரே இழந்தனராதலின் அவ்விழப்பு எவர் செவியிலும் விழவில்லை. சப்பானியர் தம் மரச்சீப்புக்காயினும் உண்மைப் பெயரிட்டனர்; நாம் அதுவும் செய்திலேம்.

நாம் செய்யத்தக்கது

அரிவாளுக்கு மீள்வோம் என்று யாம் கூறவில்லை. அது நடவாதது, நடப்பினும் நன்றன்று. மகளைச் செருப்புச்சாலைக்கும் பள்ளிக்கும் அனுப்பிவிட்டுப் பிறர் மகள் வயலிற் குனியவேண்டுமென்று விரும்புதல் அறமாகாது. நம் குலத்தாருள் நிலமுடையாரும் உளர், பிறர் நிலத்திற் கூலிக்கு அறுத்தாரும் உளர். ஆதலின் இருசாரார் நிலையும் நமக்குத் தெரியும். இயல்வன சிலவற்றைச் சங்கத்தார் கருத்துக்கு வைக்கின்றோம்.

முதலாவது, சிறு நிலமுடையார் பலர் சேர்ந்து ஒரே நாளிற் பொறியை அமர்த்துதல். அரை ஏக்கர்க்காரரைப் பொறியுடையார் கடைசியிலேயே நாடுவர். அதற்குள் மழை வந்துவிடும். வேளாண்மைப் பொறியியல் துறையினர் வாடகைக்கு விடும் பொறிகளையும் ஊரார் கூடிக் கேட்டுப் பெறலாம். இரண்டாவது, பொறி திரும்புதற்காக வயலின் மூலைகளையும் வரப்போரங்களையும் முன்னரே கையால் அறுத்தல் இன்றும் வேண்டியிருக்கின்றது. அவ்வேலையை ஊரிலுள்ள முதியோர்க்கே கொடுத்து, கூலியை அவர் விரும்பினால் நெல்லாக அளத்தல். மூன்றாவது, பொறி சென்ற வயலிற் கதிர் பொறுக்க வருவோரைத் தடுக்காமை. வைக்கோல் முழுதையும் விலைபேசாது ஓரிரு கட்டுகளை மாடுடைய ஏழைக்கு ஒதுக்குதல். இதற்காகும் பொருள் ஒரு மணி நேர வாடகையிலும் மிகக் குறைவே.

நான்காவது, அரி, கட்டு, தலையடி, பிணையல், பொலி, மேரை முதலிய சொற்களையும் அவற்றிற்குரிய செயல்களையும் முதியோர்பாற் கேட்டு ஊர்தோறும் எழுதி வைத்தல். பள்ளிப் பிள்ளைகளுக்கு இது நல்ல விடுமுறைப் பணியாகும். எழுதி அனுப்புவனவற்றை இவ்விதழில் வெளியிடச் சங்கத்தார் இசைவரென நம்புகின்றோம்.

முன்னோர் பொலியை வீட்டிற்கு எடுக்குமுன் பிறர் பங்கை அளந்தனர். அவ்வளவில் ஏற்றத்தாழ்வும் அநீதியும் கலந்திருந்தன என்பதை மேலே கண்டோம். அநீதி ஒழிந்தது நன்றே. ஆயின் அதனோடு, பிறர்க்கு ஒரு பங்கு உண்டு என்னும் நினைவும் ஒழிந்துபோதல் வேண்டா. இவ்வாண்டுத் தை அறுவடைக்குப் பொறி வயலில் இறங்குமுன், அண்டை வீட்டில் எவர்க்கு எவ்வளவு என்று ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒருமுறை எண்ணுவாராக.